எல்லாரும் ஆஸ்பத்திரியில்தான் பெறுகிறார்கள், அப்புறம் எங்கே தவறுகிறது?

கேள்வி: "எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இப்போது யாரும் வீட்டில் பிள்ளை பெறுவதில்லை. நர்சம்மா வீடு தேடி வருகிறார், கூப்பிட்டால் 108 வருகிறது. அப்படியும் பிரசவத்தில் தாய் இறந்தாள், எடை குறைவாகக் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். எங்கே தவறுகிறது? என் தங்கைக்கு இது ஏழாவது மாதம், தலைப்பிரசவம். புகுந்த வீடு கல்வராயன் மலையடிவாரத்தில். வளைகாப்பு முடிந்து விழுப்புரம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அழைத்து வரப்போகிறோம். பி.எச்.சி.யில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) பார்ப்பதா, தனியாரில் பார்ப்பதா? நாங்கள் என்ன கவனிக்க வேண்டும்?"

நீங்கள் பார்த்தது சரிதான். 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. பலனும் கிடைத்திருக்கிறது. 2001-03இல் இங்கே ஒரு லட்சம் பிறப்புக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. இந்திய அளவில் 301 ஆக இருந்தது 97 ஆனது. ஆனால் பக்கத்திலேயே கேரளத்தைப் பாருங்கள். அங்கேயும் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், தாய் இறப்பு விகிதமோ 19. அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாலே போதும் என்ற கணக்கு ஏதோ ஓர் இடத்தில் உதைக்கிறது.

என் அனுபவத்தில், ஒவ்வொரு இடத்திலும் நடக்கும் கவனிப்பு ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அந்தப் பெண் கை மாறும்போதுதான் தவறுகிறது. புகுந்த வீட்டு நர்சம்மாவிடமிருந்து பிறந்த வீட்டு நர்சம்மாவுக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு. தமிழ்நாட்டில் 1990களிலிருந்தே ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்கிறார்கள். கலெக்டர் முன்னால் அந்தக் குடும்பத்தையே உட்கார வைத்துக் கேட்பதும் உண்டு. அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். "யாருமே பார்க்கவில்லை" என்ற கதை இப்போது அபூர்வம். "அவர் பார்த்திருப்பார் என்று இவர் நினைத்தார்" என்ற கதைதான் அதிகம்.

உங்கள் தங்கை விஷயத்தில் முதல் கைமாற்றம் வளைகாப்புதான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நல்ல வழக்கம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழிலோ ஒன்பதிலோ, அதாவது ரத்த அழுத்தம் ஏறக்கூடிய, சர்க்கரை தெரியவரக்கூடிய, குழந்தையின் வளர்ச்சி பின்தங்கினால் கண்டுபிடிக்க வேண்டிய மாதங்களில், ஆறு மாதம் அவளைப் பார்த்துவந்த நர்சம்மாவை விட்டுவிட்டு, அவளைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் கொண்டுபோய் விடுகிறோம். பட்டுப்புடவையையும் வளையலையும் மறக்காமல் எடுத்து வைப்பார்கள். தாய் சேய் நல அட்டை அங்கேயே பீரோவில் கிடக்கும். ஸ்கேன் ரிப்போர்ட் மாப்பிள்ளையின் செல்போனில் இருக்கும்.

இதற்காகத்தான் பதிவு எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கர்ப்பம் உறுதியானதும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிந்து பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தருவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்பதால் எல்லாரும் வாங்கி வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அதன் உண்மையான பயன், ஊர் மாறினாலும் அந்தப் பெண்ணின் விவரம் கூடவே வரும் என்பதுதான். அழைத்து வந்த அந்த வாரமே உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போய் எண்ணைச் சொல்லி, அட்டையைக் காட்டி, "இவள் இனிமேல் உங்கள் பொறுப்பு" என்று நேரில் ஒப்படையுங்கள். பழைய நர்சம்மாவின் செல் நம்பரையும் புதியவரிடம் கொடுங்கள். கணினி செய்யாததை ஒரு போன் செய்துவிடும்.

அடுத்தது ரத்தம். ரத்தசோகையைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கொட்டாவி வரும், "கீரை சாப்பிடுங்கள்" என்ற பிரசங்கம் என்று நினைப்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். நிறைமாதத்தில் கருப்பை வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும், அப்போதுதான் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்கள் மூடும். சுருங்காவிட்டால் என்ன வேகத்தில் ரத்தம் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்குக்குச் சிகிச்சையே கிடைக்காவிட்டால் இறப்புக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றச் சிக்கல்களில் இதைவிட அதிக அவகாசம் இருக்கும்.

இப்போது இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு ஹீமோகுளோபின் 12, இன்னொருத்திக்கு 7. இருவருக்கும் ஒரு லிட்டர் ரத்தம் போகிறது. முதலாமவள் மயங்கினாலும், சலைன் ஏற்றினால் தேறி ஆம்புலன்ஸ் பயணத்தைத் தாங்குவாள். இரண்டாமவளுக்கு அந்த ஒரு லிட்டரே அதிகம். அவள் விஷயத்தில் ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்ததா, ரத்த வங்கி திறந்திருந்ததா என்ற கேள்விகளுக்கெல்லாம் முன்பே, நாலாம் மாதத்தில் பரணில் போட்ட இரும்புச்சத்து மாத்திரைப் பட்டை ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அதே ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரிப் பிரசவம் 99-ஐத் தாண்டிய மாநிலத்தில் இப்படி.

மாத்திரை இலவசம்தான், விநியோகத்திலும் பெரிய குறை இல்லை. விழுங்குவதில்தான் சிக்கல். குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்து வரும் பயம். போதாததற்கு, "இந்த மாத்திரை போட்டால் குழந்தை பெரிதாகி ஆபரேஷன் ஆகிவிடும்", "பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்" என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்லிவிட்டுப் போவார். இரண்டும் உண்மையில்லை. மலம் கறுப்பது இரும்பின் நிறம், அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் குமட்டல் குறையும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்த்துப் போடக் கூடாது, ஒன்றை மற்றொன்று உறிஞ்ச விடாது. டீ, காபியும் அப்படித்தான், இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. நாலாம் மாதம் தொடங்கி 180 நாள், தினம் ஒன்று. குடற்புழு மாத்திரை ஒன்றும் இரண்டாம் மும்மாதத்தில் தருவார்கள், அதையும் ஒதுக்க வேண்டாம்.

ஹீமோகுளோபின் 11 இருந்தால் நிம்மதி. 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்து, ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால், டாக்டரிடம் ஊசிவழி இரும்பைப் பற்றிக் கேளுங்கள். அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுவது பி.எச்.சி.யிலேயே நடக்கிறது. ஏற்றிய பிறகும் ரத்தம் ஊற சில வாரங்கள் வேண்டும், ஒன்பதாம் மாதம் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டால் அது உதவாது. 7-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடாமல் பெரியாஸ்பத்திரி.

ரத்த அழுத்தத்தின் கதை வேறு. ரத்தசோகையாவது சோர்வு, மூச்சிரைப்பு என்று ஏதாவது சொல்லும். பி.பி. பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது, கருவியில் மட்டும் தெரியும். 140/90 என்று எழுதியிருந்தால் அதை "கொஞ்சம் ஜாஸ்தி" என்று விட்டுவிடக் கூடாது. மறுபடி அளந்து பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். தலைவலி விடாமல் இருப்பது, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போக வேண்டும். கால் வீக்கம் மட்டும் இருந்தால் பலருக்கும் வருவதுதான். முகத்தில் வந்தால் கதை மாறுகிறது. மேல்வயிற்று வலிக்கு "வாயு" என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்து ஒரு ராத்திரியைக் கழித்துவிடுவதுதான் நான் பயப்படும் விஷயம்.

இந்த பி.பி. முற்றினால் வலிப்பு வரும். அதற்கு மக்னீசியம் சல்பேட் என்று ஒரு மருந்து இருக்கிறது. புதிதும் இல்லை, விலையும் குறைவு. 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, உயர் ரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் போகும் கர்ப்பிணிகளில் அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது. முதல் டோஸைப் பி.எச்.சி.யிலேயே புட்டத்தில், இரண்டு பக்கமும் ஊசியாகப் போட்டுவிட்டு மேலே அனுப்பலாம். அப்படிப் போட்டு அனுப்பினார்களா, சும்மா வண்டி ஏற்றி விட்டார்களா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. இங்கேதான் இரண்டாவது கைமாற்றம் வருகிறது.

பி.எச்.சி.யில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் ஷிஃப்ட் முறையில் இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டின் நல்ல காரியங்களில் ஒன்று. சிக்கலில்லாத பிரசவத்துக்கு அது தாராளமாகப் போதும். ரத்தம் ஏற்றவோ சிசேரியன் செய்யவோ வேண்டும் என்றால் அது அங்கே நடக்காது, சீமாங் மையம் என்று சொல்லப்படும் அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அனுப்பும்போது நடப்பது என்ன? ஒரு நர்ஸ் மூன்று வரி எழுதித் தருவார். வண்டியில் மாமியாரும் அத்தையும் ஏறுவார்கள். அங்கே போய் இறங்கினால் "என்ன ஊசி போட்டாங்க?" என்ற கேள்விக்கு யாருக்கும் பதில் தெரியாது. முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தால் ரத்தம் தயாராக இருந்திருக்கும். இதை நீங்களே வாய்விட்டுக் கேட்கலாம்: "மேலே போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா? என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டீங்கன்னு எழுதிக் கொடுங்க." யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

உதிரப்போக்கில் இன்னொரு சங்கதி. எவ்வளவு ரத்தம் போனது என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில் அனுபவசாலிகளே குறைத்துத்தான் சொல்கிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் செய்த ஈ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளியானது. பிரசவமானதும் பெண்ணுக்குக் கீழே அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை வைத்தார்கள். ரத்தம் கோட்டைத் தொட்டால் கருப்பையைத் தேய்த்துவிடுவது, கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், திரவம் ஏற்றுவது, கிழிசல் பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரேயடியாகத் தொடங்கினார்கள். வழக்கமான முறையில் பாதியளவே கண்டுபிடிக்கப்பட்ட உதிரப்போக்கு இதில் 93 சதவீதம் கண்டுபிடிக்கப்பட்டது. கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து ஒன்றுகூட இல்லை, ஒரு விரிப்பும் ஓர் ஒழுங்கும்தான். அந்த ஆக்ஸிடோசினும் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியில் இருந்தால்தான் வேலை செய்யும். கரண்ட் போகும் ஊரில் ஃபிரிட்ஜ்தான் பிரசவ அறையின் முக்கியமான கருவி என்று நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

மலைக்காரர்களுக்கு இதெல்லாம் இன்னும் ஒரு படி கடினம். கல்வராயன், ஜவ்வாது, கொல்லிமலைப் பக்கங்களில் சில குக்கிராமங்களிலிருந்து தார்ச்சாலை வரை டோலி கட்டித் தூக்கி வர வேண்டியிருக்கிறது. வலி வந்த பிறகு கிளம்பினால் நேரம் போதாது. அதனால்தான் மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் வைத்தார்கள். தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்கலாம், சாப்பாடு உண்டு. கியூபா 1962லேயே இப்படித் தாய்மை இல்லங்கள் தொடங்கி நாடு முழுக்கப் பரப்பியது. யோசனை அருமையானது. ஆனால் வீட்டில் நாலு ஆடும் மூன்று வயதுப் பிள்ளையும் இருக்கும் பெண் பத்து நாள் முன்னால் எப்படி இறங்கி வருவாள்? பிள்ளையோடு, கூட ஒரு ஆளோடு தங்க இடம் கொடுத்தால்தான் வருவாள். "விழிப்புணர்வு இல்லை" என்று பழியை அவள் மேல் போடுவது சோம்பேறித்தனம்.

சரி, மூன்றாவது கைமாற்றத்துக்கு வருவோம். எல்லாரும் கவனத்தைத் தளர்த்துவது இங்கேதான். குழந்தை பிறந்தாயிற்று, சர்க்கரை கொடுத்தாயிற்று. ஆனால் தாய் இறப்புகளில் பாதிக்கு மேல் பிரசவத்துக்குப் பிறகுதான் நடக்கின்றன. முதல் 24 மணி நேரம் மிக ஆபத்தானது, அடுத்த வாரமும் ஆபத்துதான். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். "படுக்கை வசதி சரியில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று மறுநாளே கையெழுத்துப் போட்டு அழைத்து வராதீர்கள். வீடு வந்த பிறகு ஒரு மணி நேரத்தில் இரண்டு துணி நனைந்தாலோ, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கசிவு இருந்தாலோ, தலைவலியும் கண் மங்கலும் வந்தாலோ, ஒரு காலில் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே போங்கள். பிரசவம் முடிந்த பிறகும் வலிப்பு வரலாம், சில வாரம் கழித்துக்கூட. "பிள்ளை பிறந்தாச்சே, இனி என்ன பி.பி." என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பும் கருவாடும் கொடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் "பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று தண்ணீரைக் குறைப்பதும், எழுந்து நடக்கவே விடாமல் படுக்க வைப்பதும் காலில் ரத்தம் உறைவதற்கு வழி செய்யும். தாகத்துக்குத் தண்ணீர், வீட்டுக்குள் நடை, இரண்டும் வேண்டும்.

குழந்தைக்கு வருகிறேன். எடை குறைவுக்குக் காரணங்கள் பல: தாயே எடை குறைவாக இருப்பது, ரத்தசோகை, பி.பி., நாள் முந்திப் பிறப்பது, இரண்டு பிள்ளைகளுக்கு இடையே போதிய இடைவெளி இல்லாதது, நாள் முழுக்க விறகடுப்புப் புகை. இதோடு "கம்மியாகச் சாப்பிட்டால்தான் பிள்ளை சிறிதாக இருந்து சுலபமாக வெளியே வரும்" என்று கடைசி மாதங்களில் சாப்பாட்டைக் குறைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. அதைத் தயவுசெய்து உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்துக் கட்டி வைப்பதுதான் முதல் வைத்தியம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் பிறந்த முறை அது. சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள்.

வீட்டுக்கே வந்து பார்ப்பதால் எவ்வளவு மாறும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டில் போய்ப் பார்க்க வைத்தார்கள். எடை போடுவது, மூச்சை எண்ணுவது, தொற்று என்றால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது வரை. பிறந்து 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்தது, பத்தாண்டுக்குள் 25 ஆனது. 2011இல் இந்திய அரசு இதை ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வழியாக நாடு முழுதும் எடுத்துச் சென்றது. நம் மாநிலத்தின் பெரும்பகுதியில் இந்த வேலை நர்சம்மா தலையில்தான். கிராமம் கிராமமாகத் தடுப்பூசி, பதிவேடு, செயலியில் ஏற்றுவது என்று அவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அவர் வராவிட்டால் திட்டாமல், நீங்களே மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போன் செய்து கூப்பிடுங்கள்.

கடைசியாக, பி.எச்.சி.யா தனியாரா? இரண்டில் எது என்பதைவிட, ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே ரத்தம் இருக்குமா, மயக்க மருந்து டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார், இல்லையென்றால் இருக்கும் இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். சிறு ஊர்களின் பல தனியார் நர்சிங் ஹோம்களில் ரத்த வங்கி இருக்காது, அவர்களும் சிக்கல் என்றால் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். அதையும் கணக்கில் வையுங்கள். இன்னொன்று சிசேரியன். 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம், அரசில் 36 சதவீதம். தேவைப்படும்போது அது உயிர் காக்கும் அறுவை. தேவையில்லாமல் செய்தால் அடுத்த பிரசவத்தில் நஞ்சுக்கொடி பழைய தையலில் ஒட்டிக்கொண்டு பெரும் உதிரப்போக்கில் முடியும் அபாயம் கூடுகிறது. தலைப்பிரசவத்தில் எடுக்கும் முடிவு அதோடு முடிவதில்லை. உங்கள் தங்கைக்கு பி.பி., சர்க்கரை, ரத்தசோகை, இதய நோய், நஞ்சுக்கொடி கீழே இருப்பது எதுவும் இல்லையென்றால் நல்ல பி.எச்.சி. போதும். ஒன்று இருந்தாலும் நேரே சீமாங் மையத்தில் பதிவு செய்துவிடுங்கள், பி.எச்.சி. வழியாகச் சுற்றிப் போக வேண்டாம்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மையங்களில் டாக்டர் பார்க்கும் கர்ப்பிணிகள் முகாம் இருக்கும். அடுத்த 9ஆம் தேதிக்கு அவளை அழைத்துப் போய் ஹீமோகுளோபின், பி.பி., சிறுநீர்ப் புரதம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை, இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். ஒருமுறை நெஞ்சில் ஸ்டெத் வைத்து இதயத்தைக் கேட்கவும் சொல்லுங்கள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது கர்ப்பத்தில்தான் முதன்முதலாகத் தெரியவரும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த எண்களோடு எழுதுங்கள், எங்கே பதிவு செய்வது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.